கயிறு யார் கையில்? இயந்திரத்தோடு மேடையேறும் உடல்

சுழலும் வட்ட மேடையில் ஒரு மனிதர் நிற்கிறார். இடுப்பில் உலோகப் பட்டை, தலையில் உலோகக் கவசம். அவற்றிலிருந்து நீளும் சின்னச் சின்னக் கவ்விகள் மூக்கு, வாய், காது, மார்பு, பிட்டம் என ஒவ்வொன்றையும் பிடித்திருக்கின்றன. மெல்லிய குழாய்களில் காற்று காத்திருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு கணினி. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் போய் அதன் முன்னால் உட்கார்கிறார். திரையில் இருக்கும் உடலின் மூக்கைத் தொட்டதும் ‘புஸ்’ஸென்று காற்று சீறுகிறது. மேடையில் இருப்பவரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. அடுத்து காது ஆடுகிறது. அடுத்து வாய் இழுபட்டுச் சிரிப்பது போலாகிறது. அவர் சிரிக்கவில்லை, வாய்தான் சிரிக்கிறது.

இதன் பெயர் ‘எபிசூ’. 1994இல் இதைத் தொடங்கியவர் ஸ்பெயினின் மார்செல்லி அந்துனேஸ் ரோக்கா. மேடையில் நிற்பவரும் அவரேதான். இதன் பதிவை முதல் முறை பார்த்தபோது நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதை அழுத்துவேன்?’ என்று மனம் ஓடுவதைக் கவனித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வகைக் கலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே சாவி இதுதான்: பொம்மலாட்டத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள், ஆனால் பொம்மையைப் பார்க்காதீர்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள். உடலும் இயந்திரமும் ஒரே மேடையில் இருக்கும்போது, எது எதை ஆட்டுகிறது? அந்தக் கயிறு நடுவில் கை மாறுகிறதா? பார்க்க வந்த நமக்கும் அதில் ஒரு முனை இருக்கிறதா?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் நிகழ்த்துகலை என்றால் கூத்து, நாடகம், நடனம் எல்லாமே அதற்குள் வந்துவிடும். இங்கே பேசுவது பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் என்று ஓவிய, சிற்ப உலகத்திலிருந்து கிளைத்த ஒன்று. வேறுபாடு எளிது. நாடகத்தில் கத்தி பொய், ரத்தம் சாயம், நடிகர் வேறொருவராக நடிக்கிறார். இங்கே கத்தி கத்திதான். கலைஞர் தானாகவே நிற்கிறார். தன் உடலையே களிமண்ணாக, கித்தானாக எடுத்துக்கொள்கிறார். 1974இல் செர்பியக் கலைஞர் மரினா அப்ரமோவிச் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு மேசையில் 72 பொருட்களைப் பரப்பிவைத்துவிட்டு, இவற்றை என்மீது எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 6 மணி நேரம் அசையாமல் நின்றார். பூவும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. இயந்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் எபிசூவுக்கு இதுதான் அக்கா முறை. அங்கே பார்வையாளர் நேரில் வந்து தொட வேண்டியிருந்தது. எபிசூவில் திரையைத் தொட்டால் போதும். நடுவில் ஒரு இயந்திரம் வந்ததும் கூச்சம் எவ்வளவு சுலபமாகக் கழன்றுவிடுகிறது என்பதைத்தான் அந்துனேஸ் ரோக்கா காட்டிக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

இயந்திரத்துக்கும் மேடைக்கும் உள்ள உறவு புதிதல்ல. ‘ரோபோ’ என்ற சொல்லே ஒரு நாடகத்திலிருந்துதான் உலகுக்கு வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகம் அது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து எடுத்தது. தொழிற்சாலைக்குப் போவதற்கு நெடுங்காலம் முன்பே ரோபோ மேடை ஏறிவிட்டது. ஆனால் அங்கே ரோபோவாக நடித்தவர்கள் மனிதர்கள். உண்மையான இயந்திரமே நடிகராக வந்து, அதுவும் சொதப்பி, அந்தச் சொதப்பலே கலையான கதை 1960இல் நடந்தது.

அந்த ஆண்டு மார்ச் 17ஆம் தேதி, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் சுவிஸ் சிற்பி ஜான் டிங்குலி ஒரு பிரம்மாண்டமான இயந்திரத்தை நிறுத்தினார். சைக்கிள் சக்கரங்கள், மோட்டார்கள், ஒரு பியானோ, ஒரு குளியல் தொட்டி என்று கழித்துப்போட்ட சாமான்களால் கட்டியது. அதன் ஒரே வேலை தன்னைத்தானே அழித்துக்கொள்வது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்தின் பொறியாளர் பில்லி க்ளூவர் உடன் நின்று உதவினார். இயக்கினார்கள். சில பாகங்கள் திட்டப்படி ஓடின, சில ஓடவே இல்லை, பியானோ தீப்பிடித்தது. 27 நிமிடம் போனதும் தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. தற்கொலை செய்துகொள்ள வந்த இயந்திரத்தை மனிதன் ஓடிவந்து காப்பாற்றியது போல! கயிறு டிங்குலி கையிலும் இல்லை, இயந்திரத்திடமும் இல்லை. அறுந்து தொங்கியது. அதுதான் பார்வையாளரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்தது.

க்ளூவர் இதோடு நிற்கவில்லை. 1966 அக்டோபரில் நியூயார்க்கின் ஒரு பெரிய படைக்கலக் கூடத்தில் ‘9 மாலைகள்’ என்ற நிகழ்ச்சித் தொடரை நடத்தினார்கள். 10 கலைஞர்கள், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சுமார் 30 பொறியாளர்கள். அதில் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் செய்ததை மட்டும் சொல்கிறேன். கூடத்தில் டென்னிஸ் ஆட்டம். மட்டையின் கைப்பிடிக்குள் ஒரு சிறு ஒலிபரப்புக் கருவி. பந்து மட்டையில் படும்போதெல்லாம் ‘டங்’கென்று கூடம் முழுக்க அதிரும், கூடவே மேலே ஒரு விளக்கு அணையும். ஆடிக்கொண்டே போகப்போக இருட்டு கூடிக்கொண்டே வரும். கடைசி விளக்கும் போனதும் ஆட்டம் முடிந்தது. ஆடுபவர்களின் ஒவ்வொரு அடியும் அவர்கள் ஆடுவதற்கான வெளிச்சத்தையே தின்கிறது. எவ்வளவு சின்ன யோசனை! இதற்கு மேல் சிக்கலான கருவி வைத்தவர்கள் பலர் இதில் பாதிகூடச் செய்யவில்லை.

தசை பேசும் மொழி

இனி கொஞ்சம் உள்ளே போகலாம். உடல் ஒரு இயந்திரத்தை எப்படி ஆட்ட முடியும்?

உங்கள் வலது முன்கையை இடது கையால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். தோலுக்கு அடியில் தசை புரள்வது தெரிகிறதா? அது புரள்வதற்குச் சற்று முன்னால், மூளையிலிருந்து நரம்பு வழியாக வந்த கட்டளை அந்தத் தசை நார்களில் மிகச் சிறிய மின் மாற்றத்தை உண்டாக்குகிறது. தோலின் மேல் அது ஒரு மில்லிவோல்ட் அளவில்தான் எட்டும். ஆனால் தோலில் ஒட்டிய மின்முனைகளால் அதைப் பிடித்துவிடலாம். இதைத்தான் மருத்துவமனைகளில் இஎம்ஜி என்கிறார்கள். அந்தச் சமிக்ஞையைப் பெருக்கி, இரைச்சலை வடிகட்டி, ‘இந்த அளவைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டு’ என்று ஒரு கோடு கிழித்துவிட்டால் போதும். தசை சுருங்கினால் இயந்திரம் அசையும்.

சொல்ல எளிது. செய்யும்போது வியர்வை வரும், மின்முனை தளரும், பக்கத்துத் தசையின் சமிக்ஞை வந்து கலக்கும். அசையாதே என்று நினைக்கும்போது அசையும். ஆகவே இதில் தேர்ச்சி என்பது கருவிக்கு மட்டும் அல்ல, உடலுக்கும் வேண்டும். ஒரு வாத்தியம் பழகுவது போலத்தான்.

இந்த வாத்தியத்தை வாழ்நாள் முழுக்க வாசித்தவர் ஸ்டெலார்க். 1946இல் சைப்ரஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அங்கேதான் 1980இல் தன் ‘மூன்றாம் கை’யை முடித்தார். அவருடைய வலது கையின் அளவிலேயே செய்த எந்திரக் கை. வலது கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பிடிக்கும், விடும், மணிக்கட்டைச் சுழற்றும். இதை ஆட்டிய சமிக்ஞை எங்கிருந்து வந்தது தெரியுமா? வயிற்றிலிருந்தும் காலிலிருந்தும். இரண்டு கைகளும் தம் வேலையைத் தாமே செய்ய வேண்டுமே! அதனால் மூன்றாவதை ஆட்டும் பொறுப்பை மேடையில் சும்மா இருக்கும் தசைகளிடம் ஒப்படைத்தார். 1982இல் டோக்கியோவில் மூன்று கைகளாலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லை எழுதிக் காட்டினார். ‘பரிணாமம்’ என்பதற்கான 9 எழுத்து ஆங்கிலச் சொல், கைக்கு 3 எழுத்து.

கவனியுங்கள், இது செயற்கைக் கை அல்ல. செயற்கைக் கை இழந்ததை ஈடு செய்கிறது. இவருக்கு எதுவும் குறைவில்லை. இது உபரி. குறையைத் தீர்க்கவே இயந்திரம் என்று பழகிய நமக்கு, தேவையே இல்லாமல் ஒரு கையைப் பொருத்திக்கொள்வது முதலில் கோமாளித்தனமாகத்தான் படும். பிறகுதான் ‘என் உடல்’ என்று எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்ற கேள்வி மெல்லத் தலைகாட்டும்.

தசைக்குப் பதில் மூளையையே கேட்டவரும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1965இல் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையில் வினாடிக்குப் பத்து முறை அளவில் ஆல்ஃபா அலை எழும். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வு அது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினால், ஒலிபெருக்கியின் தாள் துடிக்கும். பக்கத்தில் வைத்த முரசும் தாளமும் தானாக அதிரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இசை வர வேண்டும் என்று முயற்சி செய்தால் அலை போய்விடும். எதையும் செய்ய நினைக்காமல் சும்மா இருந்தால்தான் முரசு ஒலிக்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நழுவும், விட்டால் கைக்கு வரும். நான் இந்தத் துறையில் ஒரே ஒரு படைப்பை நேரில் பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால் இதைத்தான் கேட்பேன். ரோபோ இல்லை, பளபளப்பு இல்லை, ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கயிறு எதிர்ப்பக்கம் போகும்போது

மின்சாரத்தால் தசையின் பேச்சைக் கேட்கலாம் என்றால், மின்சாரத்தால் தசைக்குக் கட்டளையும் இடலாம். தோலின் மேல் சிறு மின் துடிப்பைக் கொடுத்தால் அடியிலுள்ள தசை நம் சம்மதம் கேட்காமல் சுருங்கும். இயன்முறை மருத்துவத்தில் இது அன்றாடப் பயன்பாடு. ஸ்டெலார்க் 1995இல் இதை இணையத்தோடு இணைத்தார். அவர் லக்ஸம்பர்கில், பாரிஸிலும் ஹெல்சிங்கியிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்தவர்கள் திரையைத் தொட்டு அவருடைய கையையும் காலையும் தூக்கினார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி போனார். இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதை ‘பிங்’ என்பார்கள். கிணற்றில் கூவி எதிரொலியைக் கேட்பது போல. தூரம், நெரிசல் இவற்றைப் பொறுத்து எதிரொலி வரும் நேரம் மாறும். அந்த நேரத்தை 60 வோல்ட் வரையிலான துடிப்புகளாக மாற்றித் தன் தசைகளுக்கு அனுப்பினார். முந்தைய ஆண்டு யாரோ ஒரு மனிதர் அவரை ஆட்டினார். இம்முறை ஆட்டியது இணையத்தின் போக்குவரத்து. அதற்கு நோக்கமும் இல்லை, முகமும் இல்லை. உடல் துள்ளுகிறது, ஆனால் ‘யார் செய்தது’ என்று கேட்டால் விரல் நீட்ட ஆளில்லை.

மின்சாரம் உள்ளிருந்து தசையைச் சுருக்குகிறது. எபிசூவில் போல காற்றழுத்தம் வெளியிலிருந்து சதையைத் தள்ளி இழுக்கிறது. இந்தக் கலைஞர்களுக்குக் காற்றழுத்தம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? மோட்டாரைவிட மலிவு, வேகம் அதிகம், காற்று அமுங்கிக்கொடுப்பதால் அசைவில் ஒரு துள்ளல் வரும், உடலில் பட்டாலும் முரட்டுத்தனம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக அது மூச்சு விடும். வால்வு திறந்து மூடும் சீறல் இந்த நிகழ்ச்சிகளின் பாதி இசை. ஸ்டெலார்க் 1998இல் ஹாம்பர்கில் ஏறி நின்ற 6 கால் நடக்கும் இயந்திரமும் காற்றழுத்தத்தால் ஓடியதுதான். எடை சுமார் 600 கிலோ. மேலே நிற்கும் மனிதர் கையை அசைத்தால் கீழே கால்கள் நடக்கும். அவர் அதன் பாகனா, அதன் ஒரு பாகமா என்று கடைசிவரை சொல்ல முடியாது.

இந்தப் பாதையில் கனடாவின் லூயி-ஃபிலிப் டெமர்ஸும் பில் வோர்னும் 2015இல் ‘இன்ஃபெர்னோ’ என்று ஒன்று செய்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கே எந்திரக் கவசத்தை மாட்டிவிட்டார்கள். இசை தொடங்கியதும் கவசம் அவர்கள் கையைத் தூக்கி ஆட்டுகிறது. பார்வையாளர் என்று ஒதுங்கி நிற்க இடமே இல்லை. சிலர் எதிர்த்து இறுகுவார்கள், சிலர் விட்டுக்கொடுத்து ஆடுவார்கள். இரண்டும் நிகழ்ச்சிதான்.

மின்சாரமே பேசாத நுட்பமும் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் ரெபெக்கா ஹார்ன் இளம் வயதில் முகமூடி இல்லாமல் பாலியெஸ்டர், கண்ணாடி இழைகளோடு வேலை செய்து நுரையீரல் கெட்டு மருத்துவ விடுதியில் கிடந்தவர். படுக்கையில் இருந்தபடியே உடலை நீட்டிக்கும் உடைகளை வரைந்தார், தைத்தார். 1972இல் அவர் செய்த முகக்கவசத்தில் வார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, சந்திப்புகளில் பென்சில்கள் குத்திட்டு நிற்கும். சுவரருகே நின்று முகத்தை இடமும் வலமும் ஆட்டினால் சுவரில் கோடுகள் விழும். இதில் மோட்டார் இல்லை, ஆனாலும் இது இயந்திரம்தான் என்பேன். ஜப்பானின் அட்சுகோ தனாகா அதற்கும் முன்னால், 1956இல், வண்ண மின்விளக்குகளையும் குழல்விளக்குகளையும் கோத்து உடையாக உடுத்திக்கொண்டு நின்றார். மின்னதிர்ச்சி பட்டால் என்ன ஆவது? பார்ப்பவருக்கு அழகு, உடுத்தியவருக்கு பயம். இரண்டும் ஒரே கம்பியில் ஓடின.

மனிதனே இல்லாத மேடை

உடலே இல்லாமல் இயந்திரங்கள் மட்டும் நிகழ்த்தினால்? மார்க் பாலின் 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘சர்வைவல் ரிசர்ச் லேபரட்டரீஸ்’ குழு அதைத்தான் செய்தது. தொழிற்சாலைக் கழிவில் கட்டிய ராட்சத இயந்திரங்கள் நெருப்பைக் கக்கி ஒன்றையொன்று மோதும். நடிகர்கள் கிடையாது. ஆனால் உடல் அங்கே வேறு வழியில் இருந்தது: இரைச்சலில் நெஞ்சு அதிரும், சூடு முகத்தில் அடிக்கும், எது எப்போது நம் பக்கம் திரும்புமோ என்று கால் பின்வாங்கும். பாலினுக்கே 1982இல் ராக்கெட் எரிபொருள் வெடித்து வலது கை சிதைந்தது. கால்விரல்களை எடுத்துக் கையில் பொருத்தினார்கள். இதை வீரக்கதையாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அது விபத்து, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்த்துக் கண்கலங்கிய ஒரு ரோபோ. சீனாவின் சுன் யுவான், பெங் யு இருவரும் 2016இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்தது. கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு தொழிற்சாலைக் கை. சுற்றிலும் ரத்தம் போன்ற கெட்டியான செந்நிறத் திரவம். அது வழிந்து எல்லை தாண்டப் பார்த்தால் கை திரும்பி வந்து உள்ளே வழித்துத் தள்ளும். இடையிடையே சொறிவது போல, குனிந்து ஆடுவது போல 32 அசைவுகள். ‘அந்தத் திரவம் அதன் உயிர், ஒழுகினால் செத்துவிடும், அதனால்தான் பாவம் அள்ளிக்கொண்டே இருந்து கடைசியில் களைத்து இறந்தது’ என்று ஒரு கதை பரவியது. தவறு. அது மின்சாரத்தில் ஓடும் கை. திரவம் தீர்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கலைஞர்கள் யோசித்தது எல்லைகளையும் கண்காணிப்பையும் பற்றி. ஆனால் பொய்க் கதைக்கு லட்சக்கணக்கானவர்கள் அழுதார்களே, அதுவும் கவனிக்க வேண்டியதுதான். அசைவு ஒன்று போதும், உயிரை நாமே ஊதிவிடுகிறோம்.

இதற்கெல்லாம் முன்னோடியாக, 1970இல் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் எட்வர்ட் இக்னடோவிச் நிறுத்திய ‘சென்ஸ்டர்’ இருந்தது. ராட்சத இறால் கால் போல நீண்ட கழுத்து. மெல்லிய ஒலி வந்தால் அந்தப் பக்கம் குனியும், கத்தினால் விலகும். விதி இவ்வளவுதான். பார்த்தவர்கள் அதைக் கூச்ச சுபாவம் என்று புரிந்துகொண்டார்கள்.

வெறும் வித்தைதானே இது, கலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல சமயம் அவர்கள் சொல்வது சரி. ரோபோவைக் கொண்டுவந்து நடனக்காரர் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் ஒரே மாதிரி கையைத் தூக்கினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். கயிறு எங்கும் போகவில்லையே! நல்ல படைப்பில் அது நகரும். ‘மனித உடல் காலாவதியாகிவிட்டது’ என்று ஸ்டெலார்க் விடாமல் சொல்லிவந்தார். அவர் படைப்புகள் எனக்கு நேர்மாறாகச் சொல்கின்றன. 2006இல் அறுவை மூலம் தன் இடது முன்கையில் ஒரு காதை வளர்க்கத் தொடங்கினார். உள்ளே ஒலிவாங்கி வைத்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் அதன் வழியே மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது திட்டம். ஒலிவாங்கியை வைத்தார்கள், சோதித்தபோது வேலையும் செய்தது. பிறகு சீழ் பிடித்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. காலாவதியானதாகச் சொல்லப்பட்ட உடல், ‘இது எனக்கு வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

புதிதாகப் பார்க்க வருபவருக்கு ஒரே ஒரு படைப்பைச் சொல்லி அனுப்ப வேண்டுமானால், கட்டலோனிய நடனக் கலைஞர் மூன் ரீபாஸைச் சொல்வேன். 2013இல் அவர் தன் கையில் ஒரு சிறு கருவியைப் பதித்துக்கொண்டார், பின்னர் பாதங்களில். உலகில் எங்கே நிலம் நடுங்கினாலும் நிலநடுக்கமானிகளின் தகவல் இணையம் வழியாக வந்து அது அதிரும். சிறு நடுக்கத்துக்குச் சிறு அதிர்வு, பெரியதற்குப் பெரியது. அதை வைத்து ஒரு நடனம் செய்தார். 2019இல் கருவியை எடுத்துவிட்டார்.

அந்த நடனத்தில் அவர் மேடைக்கு வந்து அசையாமல் நிற்பார். அதிர்வு வந்தால் அதன் வலிமைக்கு ஏற்ப ஆடுவார். வராவிட்டால் ஆட மாட்டார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் தரையைப் பார்த்தபடி காத்திருப்பார். கீழே உட்கார்ந்திருப்பவர்களும் காத்திருப்பார்கள், எங்கோ பூமி குலுங்க வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல்.